படகோட்டியும் துபாஷ் வீட்டு விதவையும்: அந்த அத்தியாயங்கள் வேண்டுமா, வேண்டாமா?

பிப்ரவரி 9, காலை

நேற்று ஒரு வாசகர் எழுதி அனுப்பியதை அப்படியே போடுகிறேன்.

"அக்கா, நீங்க புதுசா வாங்கி வெச்சிருக்கிற அந்தச் சரித்திர நாவல வீட்ல எடுத்துட்டு வந்தாங்க. நானும் பொரட்டிப் பாத்தேன். நாலு அத்தியாயத்துக்கு ஒரு தடவ கட்டில். சரித்திரம்னு பேர் வெச்சுட்டா எத வேணா எழுதலாமா? அந்தக் காலத்துல ஒரு விதவப் பொண்ணு மனசால கூட இப்படி நெனச்சிருக்க மாட்டா. குடும்பப் பொம்பளைங்க வந்து போற எடம். தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

எழுதியவர் ஒருவர்தான். ஆனால் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கி இதைக் காலடிப்பேட்டைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நம் லெண்டிங் லைப்ரரியில் இதே பேச்சு. கவுண்டரில் நின்றபடி பேசினால் பின்னால் நிற்பவர்களுக்கு நேரமாகிறது. இங்கேயே பேசுவோம்.

கதை தெரியாதவர்களுக்காக: 1746. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே சுவரை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணம். கம்பெனிக்காரருக்கும் துணி வியாபாரிகளுக்கும் நடுவில் இரண்டு பாஷையும் பேசிப் பிழைத்த ஒரு துபாஷ் குடும்பம். மூத்த மகன் இறந்துபோகிறான். அவன் மனைவிக்கு இருபத்து நாலு வயது. மாமனாருக்குக் கண் மங்கியதால் கணக்குப் புத்தகம் இவள் கைக்கு வருகிறது. துணி மூட்டைகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் மசூலாப் படகு ஒன்றை ஓட்டுகிறவன்தான் அவள் ஆசைப்படுகிற ஆள். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து குண்டு போடுகின்றன, கோட்டை விழுகிறது. அக்டோபர்ப் புயலோடு நாவல் முடிகிறது.

புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அத்தியாயங்களில் எனக்கும் ஒரு குறை தெரிகிறது, ஆனால் மேலே எழுதியவர் சொல்லும் குறை இல்லை அது. அதைச் சரியாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அவருக்குக் கட்டில் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. "பட்டணம் கோயில் தேவராஜ முதலி தெருவுல இருக்கு. நாவல்ல கோட்டை வாசல்லேர்ந்து நடந்து ரெண்டு நிமிஷத்துல போயிடறா. ஆராய்ச்சி பண்ணாம எழுதினது."

சார், அந்த இடத்தில் நாவல் சரி. நீங்கள் கும்பிடும் சென்னகேசவப் பெருமாள் கோயில் பிறகு கட்டப்பட்டது. முதல் கோயில் பழைய கறுப்பர் பட்டணத்துக்குள், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில் இருந்தது. 1746இல் பிடித்த பிரெஞ்சுக்காரர் பட்டணத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் பிறகு மீதியையும் இடித்தார்கள், கோட்டையிலிருந்து பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று. கோயிலும் போனது. இப்போதுள்ள கோயில் 1760களில் எழுந்தது. இதற்கு மேல் வீடு கட்டாதே என்று 1773இல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. தினமும் பஸ்ஸில் கடந்துதான் போகிறோம்.

ஆக, நாவலில் அவள் நடக்கும் தெருவில் இன்று ஒரு வீடுகூட இல்லை. நம் முத்தியால்பேட்டையும் பெத்தநாய்க்கன்பேட்டையும் அன்று பட்டணத்துக்கு வெளியே. எழுதியவர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். துபாஷ் வீட்டுப் பேச்சு, சகுனம், கடன், யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள் என்ற கணக்கு, இதெல்லாம் புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர் கை. பிள்ளை பிறந்தது நம் பெரம்பூரில், 1709இல். புதுச்சேரிக்காரர் என்றே எல்லாரும் நினைக்கிறோம்.

பிப்ரவரி 11

புத்தகம் திரும்பி வந்தது. யாரோ நீலப் பேனாவால் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பத்தியை முழுக்க அடித்திருக்கிறார்கள். காகிதம் கிழியும் அளவுக்கு. அதற்குப் பக்கத்திலேயே பென்சிலில், வேறு கையெழுத்து: "அடிச்ச வரி என்னன்னு யாராவது எழுதுங்களேன்." அதற்குக் கீழே மூன்றாவது ஒருவர் நினைவிலிருந்து அந்த வரிகளை எழுதிவைத்திருக்கிறார். நான் என் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை.

யார் என்று கேட்க மாட்டேன். ஆனால் நைனா காலத்துச் சட்டம் இன்னும் இருக்கிறது: புத்தகத்தில் எழுதினால் அபராதம். மூன்று பேருக்கும்.

நைனா ஞாபகம் வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். அவர் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, நூல் கோத்துத் தைத்து, அட்டை போட்டு வாடகைக்கு விடுவார். ராஜா ராணிக் கதைகள்தான் அதிகம் போகும். எந்தக் கதையை எடுத்துக் கையில் நிமிர்த்திப் பிடித்தாலும் ஒரே இடத்தில் தானாக விரியும். இளவரசி குளிக்கும் இடம், அந்தப்புரத்தில் தளபதி நுழையும் இடம். அந்தப் பக்கங்கள் மட்டும் பழுப்பேறி, ஓரம் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். வாங்கிப் போனவர்களில் இன்று "ஆபாசம்" என்கிற வயதுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கதைகளில் பெண்ணைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இந்த நாவலில் பெண் பார்க்கிறாள். உறுத்துவது அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 13

"குறள்ல இன்பத்துப்பால் இல்லியா, ஆண்டாள் பாடலியா" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். நன்றி, ஆனால் இந்த வாதம் இங்கே உதவாது. 250 குறளையும் யாரும் எதிர்க்கவில்லை. அதற்குப் பொழிப்புரை எழுதிப் பள்ளிக்கூட அலமாரியில் பூட்டி வைத்தாகிவிட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து பை நிறையக் காய்கறியோடு வருகிற ஒரு பெண், பத்து ரூபாய் கொடுத்து, உரைநடையில், தனக்குப் புரிகிற தமிழில் இதை வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். எதிர்ப்பு அதற்குத்தான். சாட்சியும் அதற்கு ஏற்ற மாதிரி வேண்டும்.

"அந்தக் காலத்துல ஒரு பொண்ணு மனசால கூட நெனச்சிருக்க மாட்டா" என்றாரே, அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. அதே காலம். தஞ்சாவூரில் பிரதாபசிம்மன் ஆண்டது 1739 முதல் 1763 வரை. அவன் சபையில் முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் ஒரு காவியம் எழுதினாள், ராதிகா சாந்தவனம். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்துக் கொடுக்கிறாள். முதலிரவுக்கு இருவருக்கும் அவளே சொல்லிக் கொடுக்கிறாள். பிறகு தன் தவிப்புத் தாங்காமல் கோபித்துக்கொள்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. கேட்பதும் அவள், கோபிப்பதும் அவள், இணங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவள். நம் நாவல் நடக்கிற அதே காலத்தில் ஒரு பெண் மனசால் நினைத்தது மட்டுமில்லை, எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அதன் பிறகு நடந்தது நம் பேட்டையில். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகையருக்குக் கோயில் எடுப்பித்தவர், 1910இல் இதை முழுசாகப் பதிப்பித்தார். முன்பு வந்த பதிப்பில் பாடல்கள் விடுபட்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அச்சிட்டது எஸ்பிளனேடில் இருந்த வாவிள்ள அச்சகம். ஒழுக்கக் கேடு என்று புகார் போனது, போலீஸ் வந்தது, பிரதிகளை எடுத்துப் போனது, புத்தகம் தடையானது. அதற்கு முன்பே தெலுங்குச் சீர்திருத்தக்காரர் கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரியவர் இந்தக் காவியத்தைக் கண்டித்திருந்தார். நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டது: ஆண்கள் இதைவிடக் கூடுதலாக எழுதியிருக்கிறார்களே, கூச்சம் பெண்ணுக்கு மட்டுமா?

தடை நீங்கியது 1947இல், சென்னை மாகாண முதல்வராக இருந்த பிரகாசம் முயற்சியால். நாம் இன்னும் பிராட்வே என்று சொல்கிற தெருவுக்கு அவர் பேர்தான், பிரகாசம் சாலை. பாரதி பெண்கள் கல்லூரிப் பிள்ளைகள் அந்தத் தெருவில் இறங்கி என்னிடம் இந்த நாவலைக் கேட்க வருகிறார்கள். நான் எப்படி எடுத்து ஒளித்து வைப்பேன்?

பிப்ரவரி 14

காலையிலேயே நாலு பேர் இந்தப் புத்தகத்தை ரிசர்வ் செய்யக் கேட்டார்கள். தண்டையார்பேட்டை மாமி ஒருவர்: "இன்னிக்கு என் பேர எழுதிக்கோ. எங்க வீட்டுக்காரரு வாசிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருக்காரு." கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன மாமி. நான் முதலில் அவர் பேரைத்தான் எழுதினேன்.

பிப்ரவரி 16

இதுவரை எழுதியதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள், பி.காம். இரண்டாம் வருஷம். அப்பா விசைப்படகில் போகிறவர், ஆயா மீன் விற்றவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பிடித்ததா என்று கேட்டேன்.

"அவ நல்லாருக்காக்கா. அவன்தான் இல்ல."

இல்லை என்றால்?

"அவன் எங்கக்கா இருக்கான்? தோளு இருக்குது, மாரு இருக்குது, கறுப்பா மினுக்குது, உப்பு வாட வருது. ஒரு பேச்சு பேசறானா? அவ எத்தன நெனைக்கிறா, பக்கம் பக்கமா. அவன் ஒண்ணாவது நெனைக்கிறானா? எங்காளுங்கன்னா ஒடம்பு மட்டுந்தானா?"

நான் வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்து வாசித்தேன். அவள் சொன்ன மாதிரியே இருக்கிறது. நாவலில் அந்த விதவைக்கு ஆசை இருக்கிறது, பயம் இருக்கிறது, மாமனார் மேல் பாசம் இருக்கிறது, செத்த கணவன் மேல் கோபம்கூட இருக்கிறது. படகோட்டிக்கு உடம்பு இருக்கிறது. அவன் மனசுக்குள் போகும் வரி மொத்த நாவலிலும் மிகக் குறைவு. போகும்போதும் "கடலைப் போல் கொந்தளித்தான்" என்று கடலைக் கூப்பிட்டுக்கொள்கிறார் ஆசிரியர்.

எனக்கு இருந்த குறை இதுதான். இந்தக் காசிமேட்டுப் பிள்ளை வந்து சொன்ன பிறகுதான் அதற்கு வார்த்தை கிடைத்தது.

இன்னொன்று. இங்கே "ஆபாசம்" என்று எழுதியவர்களில் மூன்று பேர் நடுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். "அதுவும் ஒரு படகுக்காரனோட." "அந்தஸ்து என்னாவது." "யாரோட சேர்ந்தான்னு ஒரு வெவஸ்த வேணாமா." அப்படியானால் எதிர்ப்பு கட்டிலுக்கு இல்லை. அவன் ஒரு வெள்ளைக்காரக் கேப்டனாகவோ இன்னொரு துபாஷ் மகனாகவோ இருந்தால் இதே அத்தியாயங்களை நீங்கள் இவ்வளவு கோபமாக வாசித்திருப்பீர்களா? எனக்குப் பதில் வேண்டும். நிஜமாகவே கேட்கிறேன். ராயபுரம் ராயப்பர் கோயிலைக் கட்டினவர்கள் படகோட்டிகள். அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்துவிட்டு "படகுக்காரன்" என்று எப்படி எழுத வருகிறது?

பிப்ரவரி 17

நேற்றைய குறிப்புக்குப் பதில் வந்து குவிந்துவிட்டது. திட்டியவை இரண்டை நீக்கினேன், சாதிப் பேரைச் சொல்லித் திட்டியதால். மற்றவை இருக்கட்டும்.

"அப்ப நாவல் மோசம்னு சொல்றீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. ஏழாம் அத்தியாயத்தை வாசியுங்கள். அவள் கரைக்கு வந்து படகு பழுது பார்ப்பதை வேடிக்கை பார்க்கும் இடம். மசூலாப் படகில் இரும்பு ஆணி கிடையாது. பலகையையும் பலகையையும் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். சென்னைக்கு அன்று துறைமுகமே இல்லை. துறைமுக வேலை தொடங்கியது 1870களில். அதிலும் பெரும்பகுதியை 1881 புயல் சாய்த்தது. அதுவரை கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் அலையைத் தாண்டித்தான் வந்து போக வேண்டும். ஆணி அடித்த கெட்டிப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு கொடுத்து வாங்கும்.

அவள் கேட்கிறாள்: இறுக்கமாகத் தைக்கலாமே? அவன் சொல்கிறான்: இறுக்கித் தைத்தால் ஒடியும்மா. அவள் கையில் கயிற்றைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்கிறான். விரல் படவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு பலகை இருக்கிறது. அந்த நாலு பக்கத்தில் இருக்கும் சூடு பின்னால் வருகிற எந்தக் கட்டில் காட்சியிலும் இல்லை. ஏனென்றால் அங்கே அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அவன் சொல்கிறான், அவள் கேட்கிறாள், இருவருமே ஆளாக இருக்கிறார்கள். ஆசிரியருக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதத் தெரிந்தவர் பதினோராம் அத்தியாயத்துக்கு வரும்போது அவன் வாயை ஏன் மூடினார் என்பதுதான் என் வருத்தம்.

பிப்ரவரி 18

ஆரம்பம் இழுக்கிறதே என்ற தம்பிக்கு இன்னொரு பதில்: ஆமாம், முதல் ஆறு அத்தியாயம் இழுவை. துணி வகைகளின் பட்டியல் வரும் பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

பிப்ரவரி 20, இரவு வெகு நேரம் கழித்து

"விதவைக்கு என்ன இது வேண்டிக்கிடக்கு" என்று இன்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். பெண் பேரில்தான் இருக்கிறது.

எனக்கு முப்பத்தாறு வயதில் அவர் போனார். இங்கே வருகிற பலருக்குத் தெரியும். காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்: பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பாய், கடையை நடத்துவாயா, வாடகை கட்டுகிறாயா. நல்ல மனசோடு கேட்டார்கள். உனக்கு ராத்திரியில் பக்கத்தில் ஆள் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அது இருக்கிறது. அவருடைய சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். வாசனை போன பிறகும் வைத்திருந்தேன். உடம்பு தன் பாட்டுக்கு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மனசு அழுது முடித்துச் சமையலுக்குப் போய்விடுகிறது, உடம்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் மத்தியானம் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது, வாசலில் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் கேட்டுப் பேனாவை நிறுத்துகிறாளே, அதை நான் பேருந்தில் வாசித்தேன். எண்ணூர் போகிற பஸ். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. யாரோ எனக்குத் தெரியாமல் என்னை எழுதிவிட்டார்கள் என்று இருந்தது.

அதனால் இந்த நாவலை ஆபாசம் என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அந்த அத்தியாயங்கள் இல்லாமல் அவளைப் பத்தினியாக, கணக்குப் பிள்ளையாக, மருமகளாக மட்டும் எழுதியிருந்தால் அது பொய்க் கதை.

பிப்ரவரி 22

அந்த இரவுக் குறிப்புக்கு எழுதிய எல்லாருக்கும் நன்றி. தனியாகப் பதில் எழுதவில்லை, எல்லாவற்றையும் வாசித்தேன்.

இப்போது கடினமான இடம். பதினைந்தாம் அத்தியாயம். குண்டு விழுந்த இரவு. அவன் வருகிறான், அவள் "இன்னைக்கு வேணாம், போ" என்கிறாள். அவன் போவதில்லை. ஒன்றரைப் பக்கம் கழித்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

இதில் வாசகிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். இங்கே ஆண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. புதுவண்ணாரப்பேட்டை டீச்சர் ஒருவர் சொல்கிறார், நாவலில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான், வேண்டாம் என்றால் வேண்டாம். தையல் கடை வைத்திருக்கும் அக்கா சொல்கிறார்: "கதையில கூட எனக்குப் புடிச்ச மாதிரி இருக்கக் கூடாதா? நெசத்துல எவனாவது இப்படி வந்தா கத்திரிக்கோலால குத்துவேன். கதையில வந்தா ரசிப்பேன். ரெண்டும் எனக்குத் தெரியும்."

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தனக்குள் எதைக் கற்பனை செய்கிறாள் என்பதில் டீச்சருக்கும் எனக்கும் வேலை இல்லை. அந்த அளவுக்கு நான் அக்கா பக்கம்.

ஆனால் காசிமேட்டுப் பிள்ளை சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது. பதினைந்தாம் அத்தியாயம் முழுக்க அவன் பேசுவதே இல்லை. அவளுக்கு அவன் ஏன் வந்தான் என்று தெரியாது, நமக்கும் தெரியாது. கரையில் குண்டு விழுந்திருக்கிறது, அவன் குடிசை என்ன ஆயிற்று? அவன் தாய் உயிரோடு இருக்கிறாளா? பயந்து வந்தானா, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று வந்தானா? ஒன்றும் இல்லை. மிருகம் மாதிரி வந்து நிற்கிறான். மனசு கொடுக்காமல் உடம்பு மட்டும் கொடுத்துப் படைத்தால், அந்த உடம்பை வைத்து ஆசிரியர் வேறென்ன செய்ய முடியும்? கேட்க வைக்க முடியாது. அவனுக்கு வாயே இல்லையே. தையல் கடை அக்கா, நீங்கள் ரசித்தது அவளுடைய தவிப்பை என்று நினைக்கிறேன். அந்தத் தவிப்பு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக அவனை முரடனாக்கியிருக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 22, சாயங்காலம்

டீச்சர் என் குறிப்பைப் படித்துவிட்டு, "அப்போ அவன் நாலு வரி அழுதிருந்தா செஞ்சது சரியாயிடுமா?" என்று கேட்டிருக்கிறார். ஆகாது டீச்சர். மனசுள்ள ஒருவனாக எழுதியிருந்தால் அவன் அங்கே நின்றிருக்கவே மாட்டான், திண்ணையிலாவது போய் உட்கார்ந்திருப்பான் என்கிறேன். அப்போது அவள் கதவைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். அக்காவுக்கும் அது பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

மார்ச் 3

திருவொற்றியூரில் மாசித் திருவிழா. தேரடிப் பக்கம் கூட்டம், நூலகத்தில் ஆள் இல்லை. நானும் மகிழடி சேவைக்குப் போய் நின்றேன். நம் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

சுந்தரர் சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்பட்டது இந்தக் கோயிலில். மாலை கட்டிக்கொண்டிருந்தவளைத் திரை விலகியபோது ஒரு கணம் பார்க்கிறார். உடனே போய்ச் சிவனிடம் கேட்கிறார், அவளை எனக்குத் தா என்று. சிவன் அவள் கனவில் போய்ச் சொல்கிறார். அவள் உடனே சரி என்று சொன்னாளா? இல்லை. அவருக்கு ஆரூரில் பரவையார் இருக்கிறாரே என்று கடவுளிடமே கேட்கிறாள். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தரச் சொல்கிறேன் என்கிறார் சிவன். சுந்தரர் தந்திரம் செய்கிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனைக் கேட்கிறார். சிவன் அதை அப்படியே அவளிடம் சொல்லி, மகிழடியிலேயே சத்தியம் கேள் என்கிறார். கேட்டாள். பிறகு வசந்தம் வந்தது, ஆரூர் நினைப்பு வந்தது, சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போனது.

ஆசை எவ்வளவு பெரியவருடையதாக இருந்தாலும் சங்கிலியார் கேட்க வேண்டியதைக் கேட்டாள், கேட்டதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரியபுராணத்தில் இருக்கிறது, நம் ஊர்க் கோயிலில் வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிறார்கள். "அந்தக் காலத்துல எந்தப் பொண்ணும் வாய் தெறந்து கேட்டிருக்க மாட்டா" என்று பிப்ரவரியில் யாரோ எழுதியிருந்தீர்கள். வடிவுடையம்மனைக் கும்பிட வரும்போது மகிழ மரத்தடியிலும் கொஞ்சம் நின்று பாருங்கள்.

மார்ச் 4

பலர் கேட்டதால்: பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இந்தப் புத்தகத்தைத் தர மாட்டேன். அம்மா பேரில் கார்டு கொண்டுவந்தாலும் தர மாட்டேன். இதில் விவாதம் இல்லை.

மார்ச் 8

முடிவைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

அக்டோபர்ப் புயல் நிஜம். சென்னையைப் பிடித்த லா போர்தொனேயின் கப்பல்களில் பல அந்தப் புயலில் அழிந்தன. நாவலில் அன்று இரவு இருவரும் படகில் ஏறித் தப்பி வடக்கே போகிறார்கள், அலை எழுகிறது, அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள், கதை முடிகிறது. பிழைத்தார்களா என்று தெரியாது. சிலருக்கு அது அழகாக இருக்கிறது, ஒரு மாமி அழுதேன் என்றார்.

காசிமேட்டுப் பிள்ளை இந்தக் கடைசி அத்தியாயத்தைத் தன் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள், கட்டில் இல்லாத அத்தியாயம் என்பதால். தாத்தா கட்டுமரத்தில் போன ஆள். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எவன் எறங்குவான்? ஐப்பசி வாடையில வானம் அப்படி நின்னா சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். படக மேல இழுத்துப் போட்டுட்டு, பொம்பளைய இட்டுக்கினு கோயிலாண்ட போய் ஒக்காந்திருப்பான். ஆசப்பட்ட பொம்பள கூட இருக்கசொல்ல யாராவது கடலுக்குப் போவானா?"

எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, இந்த நாவலுக்குத் தேவையாயிருந்த காட்சி அதுதான். அவள் ஓடிவந்து, போகலாம், இப்பவே போகலாம் என்கிறாள். அவன் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்னைக்குக் கடல்ல எறங்கக் கூடாது என்கிறான். முழு நாவலிலும் அவனுக்குத் தெரிந்த ஒன்றை, அவள் உயிருக்காக, அவள் ஆசைக்கு எதிராகச் சொல்லும் ஒரே இடமாக அது இருந்திருக்கும். அவள் கேட்டு நின்றிருந்தால், அந்த இரவை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதட்டும், ஒரு வரியைக்கூட நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

தாத்தாவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலகத்துக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். துறைமுகம் சார், டீச்சர், தையல் கடை அக்கா, முதலில் எழுதிய அண்ணன், வீட்டம்மாவோடு எல்லாரும் வாருங்கள். நாவலை வாசிக்காதவர்களும் வரலாம்.